வண்டலூருக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் முன்

செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், சென்னையை ஒட்டிய வண்டலூர் உயிரியல் பூங்காவுக்கு அன்றைக்கு விடுமுறை. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பக்கத்திலேயே வந்துவிட்டதால், பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்து பூட்டிய கேட்டைப் பார்த்துத் திரும்புகிற வெளியூர்க்காரர்கள் உண்டு. ‘ஏன் இப்படி ஒரு நாள் மூடுகிறார்கள்’ என்று அவர்களுக்குக் கோபம் வரும். வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளர்களை உள்ளே விடக் கூடாது என்று நாட்டிலுள்ள எல்லா உயிரியல் பூங்காக்களுக்கும் விதி இருக்கிறது. நம் சத்தமில்லாமல் விலங்குகளுக்கும் ஒரு நாள் வேண்டுமல்லவா?

காணும் பொங்கலன்றும் போகாதீர்கள். கேட் திறந்திருக்கும், ஆனால் முன்னால் நிற்பவர்களின் முதுகைத்தான் பார்க்க முடியும்.

நான் செங்கல்பட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வருஷா வருஷம் வண்டலூருக்குக் கூட்டிப்போகிற பொறுப்பு என் தலையில்தான் விழும். பிடித்த வேலைதான். 602 ஹெக்டேர் பரப்புள்ள இடத்தில் நாற்பது பிள்ளைகளை விட்டு, தலை எண்ணிக்கை குறையாமல் திரும்பக் கொண்டுவருவது மட்டும்தான் வயிற்றில் புளியைக் கரைக்கும். ‘என்னென்ன பார்த்துக்கணும் டீச்சர்?’ என்று மற்ற பள்ளிக்கூடத்து ஆட்களும், அக்கம்பக்கத்துப் பெற்றோரும் கேட்டுக்கொண்டே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

முந்தின நாளே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். பிள்ளையின் முன்னங்கையில் உங்கள் போன் நம்பரை பால்பாயின்ட் பேனாவால் எழுதிவிடுங்கள். சட்டைப் பையில் சீட்டு வைத்தால் மதியத்துக்குள் அது காணாமல் போகும். வழி தவறினால் தேடி அலையாமல் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும், சீருடையில் இருக்கிற ஊழியரிடம் கையைக் காட்ட வேண்டும் என்று ஒருமுறை நடித்துக் காட்டச் சொல்லுங்கள். சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கட்டுங்கள். சிப்ஸ் பாக்கெட், கேரி பேக், ஸ்ட்ரா வைத்த ஜூஸ் எதுவும் வேண்டாம். உப்பும் எண்ணெயும் ஒட்டிய பிளாஸ்டிக் உறையை மான் நக்கிப் பார்க்கும், அப்புறம் விழுங்கிவிடும். அது வயிற்றில் கரையாது, வெளியேயும் வராது. சென்னையில் இறந்துபோன புள்ளிமான்களின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது பிளாஸ்டிக் உருண்டைகள் கிடைத்த செய்தியை நீங்களும் படித்திருப்பீர்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். முழுசாகச் சுற்றினால் பிள்ளைகள் கால் வலித்துச் சிணுங்கும், சிணுங்குகிற பிள்ளைதான் கல்லை எடுத்து எறியும். நாலைந்து விலங்குகளைத் தேர்ந்துகொண்டு, நடுவில் பேட்டரி வண்டியிலோ வாடகை சைக்கிளிலோ போனால் போதும்.

இப்போது உயிர் போகிற விஷயத்துக்கு வருகிறேன்.

விலங்குகளின் அடைப்பைச் சுற்றியுள்ள சுவரின் மேல் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். தோளில் தூக்கி வைத்துக்கொண்டு அகழியின் மேல் சாயாதீர்கள். ‘பிடிச்சிட்டுத்தான் இருக்கேன்’ என்று அப்பாமார்கள் சொல்வார்கள். ஒரு கையில் பிடித்திருப்பார்கள், இன்னொரு கையில் போன் இருக்கும். அமெரிக்காவில் சின்சினாட்டி பூங்காவில் 2016 மே மாதம் மூன்று வயதுப் பையன் ஒருவன் தடுப்பைத் தாண்டி கொரில்லாவின் அகழிக்குள் விழுந்தான். ஹராம்பே என்ற அந்தக் கொரில்லாவுக்கு அப்போது 17 வயது. அது பையனைத் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போனது. மேலே கூட்டம் அலறியது. கடைசியில் அதைச் சுட்டுக் கொன்றுதான் பையனை மீட்டார்கள். மயக்க ஊசி ஏன் போடவில்லை என்று உலகம் முழுக்கக் கேட்டார்கள். ஊசி உடனே வேலை செய்யாது. மருந்து ஏறுவதற்குச் சில நிமிடங்கள் ஆகும், ஊசி குத்திய வலியில் விலங்கு இன்னும் மிரளும். அதற்குப் பின்தான் அங்கே தடுப்பை உயர்த்தி வலையும் கட்டினார்கள்.

நம் நாட்டுக் கதைகளும் குறைவில்லை. 1996 புத்தாண்டு நாளில் கொல்கத்தா அலிப்பூர் பூங்காவில் சிவா என்ற புலிக்கு மாலை போடப் போன இருவரில் ஒருவர் இறந்தார். 2024 பிப்ரவரியில் திருப்பதி பூங்காவில் தடுப்பைத் தாண்டிச் சிங்கத்தின் அடைப்புக்குள் இறங்கிய ஒருவர் உயிரிழந்தார். வகுப்பில் நான் அதிகம் பேசுவது 2014 செப்டம்பரில் டெல்லியில் நடந்ததைப் பற்றி. ஓர் இளைஞர் வெள்ளைப் புலியின் அகழிக்குள் விழுந்துவிட்டார். விஜய் என்ற அந்தப் புலி உடனே பாயவில்லை. அவர் எதிரில் வந்து நின்று, முன்னங்காலை நீட்டி நீட்டிப் பார்த்தது. அவர் சுவரோரம் ஒடுங்கிக் கைகூப்பிக்கொண்டிருந்தார். இப்படியே பல நிமிடங்கள் போயின. மேலே இருந்தவர்கள் புலியை விரட்டுவதாக நினைத்துக்கொண்டு கத்தினார்கள், கல்லெறிந்தார்கள். அதன் பிறகுதான் புலி அவர் கழுத்தைக் கவ்வியது.

கல்லெறியாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல வரவில்லை, அது யாராலும் சொல்ல முடியாதது. ஆனால் யாராவது உள்ளே விழுந்துவிட்டால் நாம் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே மனதில் போட்டுக்கொள்ளலாம். ஒருவர் காவலாளியிடம் ஓட வேண்டும். மற்றவர்கள் பின்வாங்கி, ஊழியர்கள் வர வழி விட வேண்டும். கத்தக் கூடாது, எதையும் எறியக் கூடாது. விழுந்தவரிடம் ‘ஓடு, ஓடு’ என்று கூவவே கூடாது. ஓடுகிற எதையும் துரத்துவது பூனைக் குடும்பத்தின் இயல்பு. காப்பாளரின் குரலைத்தான் அந்தப் புலிக்குத் தெரியும். அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தீனிக்கூண்டுப் பக்கம் அதை வரவழைக்கப் பார்ப்பார். அந்தக் குரல் அதன் காதில் விழ வேண்டுமென்றால் நாம் வாயை மூடியிருக்க வேண்டும். போனை எடுத்துப் படம் பிடிப்பவரிடம் கையை இறக்கச் சொல்லுங்கள். நான் சொல்லியிருக்கிறேன், முறைத்தார்கள், பரவாயில்லை.

விபத்துக்குப் பெரும்பாலும் தேவையே இல்லாத ஒரு காரணம் இருக்கும். தொப்பி விழுந்தது, செருப்பு விழுந்தது, போன் விழுந்தது. விழுந்தால் விழுந்ததுதான். ஊழியரிடம் சொன்னால், விலங்கை உள்கூண்டில் அடைத்த பிறகு எடுத்துத் தருவார்கள். அன்றைக்கே கிடைக்காமலும் போகலாம். ‘போன் போனால் டீச்சர் திட்ட மாட்டேன், குனிந்து எடுக்கப் போனால்தான் திட்டுவேன்’ என்று பஸ்ஸிலேயே சொல்லிவிடுவேன்.

அடைப்புக்குள் இருக்கிற விலங்குகளைவிட, நம் ஊரில் கடி வாங்குவதற்கு வாய்ப்பு அதிகம் வெளியே திரிகிற குரங்குகளிடம்தான். நாட்டுக் குரங்கு டிக்கெட் வாங்காமல் சுற்றும். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். அது மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளும். கண்ணை உற்றுப் பார்க்காதீர்கள். தின்பண்டத்தை முதுகுக்குப் பின்னால் ஒளிக்காதீர்கள், அது பின்னால் வந்து பிடுங்கும். பையைப் பிடித்து இழுத்தால் விட்டுவிடுங்கள். கடித்தாலோ கீறினாலோ சின்னக் காயம்தானே என்று மஞ்சள் வைத்துக் கட்டாமல், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். குரங்குக் கடிக்கும் அதே ஊசிதான்.

பார்வையைப் பற்றிச் சொன்னதும் நெதர்லாந்து ஞாபகம் வருகிறது. ராட்டர்டாம் பூங்காவில் பொகிட்டோ என்று ஒரு கொரில்லா. ஒரு பெண்மணி அடிக்கடி வந்து அதன் கண்ணைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நிற்பார். அதுவும் தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்று நம்பியிருந்தார். 2007 மே மாதம் அது அகழியைத் தாண்டி வெளியே வந்து அவரையே தாக்கிப் படுகாயப்படுத்தியது. அதற்கப்புறம், பார்ப்பவரின் கண் வேறு பக்கம் திரும்பியிருப்பதுபோல் படம் அச்சிட்ட அட்டைக் கண்ணாடிகளை அங்கே பார்வையாளர்களுக்குக் கொடுத்தார்கள். வண்டலூரில் கொரில்லா இல்லை, சிம்பன்சி இருக்கிறது. சிம்பன்சி பல் முழுக்கத் தெரிய இளித்தால் அது பெரும்பாலும் பயம். அதைப் பார்த்துப் பிள்ளைகள் கைதட்டிச் சிரிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும்.

முதலைக்குத்தான் பாவம், கல்லடி அதிகம். அசையவில்லையென்றால் பொம்மை என்று சந்தேகம் வந்துவிடுகிறது நம் ஆட்களுக்கு. அது தன் உடம்பின் சூட்டை வெயிலிலிருந்து வாங்குகிற பிராணி. வாயைப் பிளந்துகொண்டு கிடப்பது சூட்டைத் தணிக்க. ‘அது இப்போது வேலை பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது’ என்று பிள்ளைகளிடம் சொன்னால் கல்லைக் கீழே போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பாம்புக்குக் காது மடல் இல்லை, ஆனால் அதிர்வு தாடை எலும்பு வழியே போகும். கண்ணாடியில் ஒருவர் தட்டினால் ஒருமுறைதான். ஆயிரம் பேர் தட்டினால் அதற்கு நாள் முழுக்க அதே வேலை.

தீனி கொடுப்பதைப் பற்றி ஒரே வரி: கொடுக்காதீர்கள், வேர்க்கடலை கூட வேண்டாம். சீண்டுவது, தீனி கொடுப்பது, சத்தம் போட்டுத் தொல்லை செய்வது, குப்பை போடுவது எல்லாமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஜே பிரிவுப்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. நோய் இன்னொரு காரணம். அவற்றிடமிருந்து நமக்கு வருவதைப் பற்றித்தான் நாம் பயப்படுகிறோம். நம்மிடமிருந்து அவற்றுக்கும் போகும். 2021 ஜூனில் வண்டலூர்ச் சிங்கங்களுக்குக் கொரோனா வந்து, நீலா என்ற ஒன்பது வயதுப் பெண்சிங்கம் இறந்தது. ஊரடங்கில் பூங்கா மூடியிருந்த காலத்திலேயே இப்படி. நீங்கள் கடித்து மிச்சம் வைத்த ஆப்பிளைச் சிம்பன்சிக்கு வீசுவது என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள். சளி, காய்ச்சல் இருக்கிற பிள்ளையை அன்றைக்கு வீட்டில் விட்டுவிட்டு வருவது நல்லது.

சரி, இவ்வளவு சொல்கிறவள், அப்படிப்பட்ட இடத்துக்குப் பிள்ளைகளை ஏன் கூட்டிப்போகிறேன்? ஆசிரியர் அறையிலேயே இந்தச் சண்டை வரும். ‘சிறைச்சாலைக்கு டூர் போற மாதிரி’ என்பார் தமிழய்யா. முழுக்க மறுக்க மாட்டேன். சென்னையின் மிருகக்காட்சிசாலை 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில், எட்வர்ட் பால்ஃபர் காலத்தில் தொடங்கியது. பிறகு சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ், இதை உயிர் காலேஜ் என்று ஊர் சொல்லும். என் அம்மாவுக்கு அந்தப் பழைய இடம் ஞாபகம் இருக்கிறது. சின்னக் கூண்டு, கம்பி, மூத்திர நாற்றம் என்பார். 1985இல் வண்டலூரில் திறந்தபோது கம்பிக்குப் பதிலாக அகழி, கூரைக்குப் பதிலாக மரம் என்று மாறியது. மாறியது போதுமா என்பதுதான் கேள்வி, அதைப் பிள்ளைகளே பார்த்துச் சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறேன்.

எப்படிப் பார்ப்பது? நோட்டும் பென்சிலும் போதும். ஒரு விலங்கின் எதிரில் இருபது நிமிடம் உட்கார வேண்டும். நிமிடத்துக்கு ஒருமுறை அது என்ன செய்கிறது என்று ஒரு வரி. விலங்கு நடத்தையைப் படிக்கிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் சிறுத்தையைப் பார்த்து எழுதியது:

10.40 – படுத்திருக்கிறது.
10.41 – படுத்திருக்கிறது.
10.42 – வால் மட்டும் ஆடுது.
10.43 – யாரோ விசில் அடித்தார்கள். காது திரும்பியது. வால் நின்றுவிட்டது.
10.44 – எழுந்து கல்லுக்குப் பின்னால் போய்விட்டது. தெரியவில்லை.

அந்தக் கல்தான் முக்கியம். கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ‘காசு கொடுத்து வந்தோம், ஒண்ணும் தெரியல’ என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. தெரியாமல் போக அதற்கு உரிமை இருக்கிற அடைப்பே நல்ல அடைப்பு. நிழல், குடிக்கத் தண்ணீர், கூட்டமாக வாழ்வதாக இருந்தால் துணை, ஏறுகிற பிராணி என்றால் ஏற மரமோ கயிறோ. இவ்வளவையும் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை சரிபார்த்துவிடும்.

ஒரே தடத்தில் போவதும் வருவதுமாக, ஒரே இடத்தில் திரும்பி நடந்துகொண்டே இருந்தால் எத்தனை முறை என்று எண்ணச் சொல்லுங்கள். அது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். தீனி நேரம் நெருங்கினால் பல விலங்குகள் அப்படி நடக்கும். முன்பு வாழ்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் நல்ல இடத்துக்கு வந்த பிறகும் விடாது. 1998இல் சிங்கம், புலி, கரடி, குரங்கு, சிறுத்தையை வைத்து வித்தை காட்டுவதைத் தடை செய்தார்கள். அப்படி சர்க்கஸ்களிலிருந்து மீட்ட சிங்கங்களையும் புலிகளையும் வைத்துக் காப்பாற்றிய மறுவாழ்வு மையங்களில் ஒன்று வண்டலூரில் இருக்கிறது. அவற்றைக் காட்டில் விட முடியாது, வேட்டையாடத் தெரியாது. இந்த ஒரு விஷயத்தைச் சொன்னபோது தமிழய்யா கொஞ்சம் இறங்கி வந்தார்.

என் கணக்கில் இரண்டு அடைப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தால் மிருகக்காட்சிசாலையின் நியாயமும் அநியாயமும் விளங்கிவிடும். கூட்டம் அலைமோதுவது வெள்ளைப் புலியிடம். அது தனி இனம் இல்லை, நிறம் மாறிய வங்கப் புலிதான். 1951இல் மத்தியப் பிரதேசத்தின் ரேவாவில் பிடித்த மோகன் என்ற ஒரே குட்டியிலிருந்து, அதன் மகளோடே அதைச் சேர்த்துப் பெருக்கிய வம்சம். நெருங்கிய உறவிலேயே பெருக்கியதால் மாறுகண் போன்ற கோளாறுகள் கூடவே வருகின்றன. அமெரிக்கப் பூங்காக்களின் சங்கம் 2011இலேயே தன் உறுப்பினர்கள் வெள்ளைப் புலியை இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்று சொல்லிவிட்டது. காட்டுப் புலியைக் காப்பாற்ற இதனால் ஒரு பயனும் இல்லை. நாம் பார்த்து வாய் பிளக்கத்தான் அது இருக்கிறது.

கொஞ்சம் தள்ளிப் போனால் சோலைமந்தி, அதாவது சிங்கவால் குரங்கு. முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரி, வால் நுனியில் சின்னக் குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது, காட்டில் இருப்பதே சில ஆயிரம்தான். அதைக் கூண்டில் பெருக்கிக் காப்பாற்றுகிற தேசியத் திட்டத்துக்கு வண்டலூர்தான் ஒருங்கிணைப்புப் பூங்கா. அங்கே நிற்க ஆளே இருக்காது. நான் பிள்ளைகளை முதலில் அங்கேதான் உட்கார வைப்பேன். வெள்ளைப் புலியைக் காட்ட மாட்டேன் என்றில்லை, கேட்டால் காட்டுவேன். காட்டிவிட்டு மோகன் கதையையும் சொல்வேன்.

பூங்காவுக்குப் போய் வந்த வாரமே ‘டீச்சர், எங்க வீட்ல கிளி வாங்கிட்டாங்க’ என்று ஒரு பிள்ளை வந்து நிற்கும். பச்சைக்கிளியை வீட்டில் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம் என்பது படித்தவர்களுக்கே தெரிவதில்லை. நட்சத்திர ஆமையும் அப்படித்தான். வாங்கும் முன் இதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது, வாங்கிய பின் பறிப்பதைவிட மேல். தாய்லாந்து டூர் போகிற குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை: புலியைத் தொட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் இடங்களுக்குப் போகாதீர்கள். காஞ்சனபுரியில் புத்த மடம் ஒன்று நடத்திய அப்படி ஓர் இடத்தில் 2016இல் அதிகாரிகள் நுழைந்தபோது 137 புலிகளை மீட்டார்கள், குளிர்பெட்டியில் நாற்பது குட்டிகள் செத்துக் கிடந்தன.

பூங்காவுக்குள் தப்பு ஏதும் கண்ணில் பட்டால் அங்கேயே ஊழியரிடம் சொல்லுங்கள். காப்பாளரிடம் ஐம்பது ரூபாய் நீட்டி ‘கொஞ்சம் கிட்ட வரவைங்க’ என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் வேலைக்கும் உயிருக்கும் சேர்த்து வேட்டு வைக்கிற காரியம் அது. அதற்குப் பதிலாக ‘இது என்ன சாப்பிடும், ராத்திரி எங்கே தூங்கும், கடைசியா எப்போ உடம்பு சரியில்லாம போச்சு’ என்று கேட்டுப் பாருங்கள். தினமும் அதன் சாணத்தை அள்ளுகிறவருக்குத் தெரிந்தது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது.

வீட்டுக்கு வந்து பூங்கா இயக்குநருக்குக் கடிதமோ மின்னஞ்சலோ எழுதுவதாக இருந்தால், ‘விலங்குகள் எல்லாம் பாவம்’ என்று எழுதாதீர்கள், அதை வைத்து யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த அடைப்பு, எத்தனை மணி, என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். ‘மதியம் 1.20, நீலகாய் அடைப்பு, தண்ணீர்த் தொட்டி காலி, நிழலில் இடம் போதாமல் இரண்டு வெயிலில் நிற்கின்றன’ என்றால் மறுநாளே ஒருவர் போய்ப் பார்க்கலாம். எங்கள் வகுப்பில் இதைப் பிள்ளைகளே எழுதுவார்கள், அலுவல் கடிதப் பயிற்சிக்குத் தமிழய்யா மதிப்பெண்ணும் போட்டுவிடுவார்.